ஸ்டிக்கின் நடு: ட்ரோன் ரேட் அமைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் ஒரு மூலையில் எப்போதும் ஒரு சோல்டரிங் அயனும் நாலைந்து உடைந்த புரொப்பெல்லரும் கிடக்கும். எஃப்பிவி ட்ரோன் (கண்ணாடி போட்டு, ட்ரோனின் கேமராப் படத்தைப் பார்த்தே ஓட்டுவது) ஓட்டுகிற பொடியங்கள் வந்து அந்த மேசையில்தான் சாமானை வைப்பார்கள். அநேகமாக எல்லாரும் கொண்டுவருவது ஒரே முறைப்பாடு: "அண்ணா, சொன்னபடி கேட்குதில்லை." மோட்டர் நல்லாயிருக்கும், பிரேம் நேராயிருக்கும். ஸ்டிக்கை அசைத்தால் ட்ரோன் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அமைப்புத்தான் பிசகியிருக்கும். அந்த மேசையில் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. பேச்செல்லாம் பீட்டாஃப்ளைட் என்ற மென்பொருள் ஓடுகிற பிளைட் கொன்ட்ரோலரைப் (ட்ரோனின் மூளையான சின்னப் பலகை) பற்றியது.

ரேட் என்றால் என்ன? பிஐடியும் அதுவும் ஒன்றா?

இல்லை. கொத்துக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். "ஒரு சிக்கன் கொத்து, உறைப்புக் கூட" என்று நீங்கள் சொல்வது ரேட். உள்ளே நிற்பவர் தட்டில் அடித்து அதை ஆக்கித் தருவது பிஐடி. நீங்கள் தப்பாக ஓடர் கொடுத்துவிட்டுச் சமையல்காரரைக் குறை சொல்லக் கூடாது.

ஸ்டிக்கை இவ்வளவு தள்ளினால் செக்கனுக்கு இத்தனை பாகை சுழலவேண்டும் என்று கேட்பது ரேட்டின் வேலை. கேட்ட வேகத்துக்கு மோட்டர்களைக் கூட்டிக் குறைத்துக் கொண்டுபோய்ச் சேர்ப்பது பிஐடியின் வேலை. ட்ரோன் நடுங்குகிறது, மோட்டர் சூடாகிறது, வேகமாக இறங்கும்போது உதறுகிறது என்றால் ரேட்டைத் தொடாதீர்கள், அது வேறு வருத்தம். திருப்பம் பயமாக இருக்கிறது, நேராகப் போக முடியவில்லை, படம் வெட்டி வெட்டித் திரும்புகிறது என்றால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான்.

அந்த மூன்று எண்களும் என்ன செய்கின்றன?

பீட்டாஃப்ளைட் 4.3 இலிருந்து புதிதாகப் போட்டால் வருவது 'அக்சுவல்' வகை ரேட். அதில் ரோல் (பக்கவாட்டில் உருள்வது), பிட்ச் (மூக்கு மேலே கீழே சாய்வது), யோ (மூக்கு இடம் வலமாகத் திரும்புவது) ஒவ்வொன்றுக்கும் மூன்று பெட்டிகள்: நடு உணர்திறன், உச்ச வேகம், எக்ஸ்போ. தொடக்கத்தில் 70, 670, 0 என்று இருக்கும்.

உச்ச வேகம் விளங்குவது சுகம். ஸ்டிக்கை ஓரம்வரை தள்ளினால் செக்கனுக்கு 670 பாகை. ஒரு முழுச் சுற்று 360 பாகை என்பதால், 360 என்று வைத்தால் ஒரு ரோலுக்கு ஒரு செக்கன், 720 என்றால் அரைச் செக்கன்.

நடு உணர்திறன் என்பது ஸ்டிக் நடுவிலிருந்து விலகத் தொடங்கும் இடத்தில் ட்ரோன் எவ்வளவு கூர்மையாகப் பதில் சொல்லும் என்பது. எக்ஸ்போ இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள வளைவு. எக்ஸ்போ கூடினால் நடுப்பகுதி நீளமாக மெத்தென்று இருக்கும், வேகம் எல்லாம் ஓரத்துக்கு ஒதுங்கும்.

எண்ணோடு பார்த்தால்தான் உறைக்கும். 70, 670, 0 என்ற அமைப்பில் ஸ்டிக்கைக் கால்வாசி தள்ளினால் கிடைப்பது செக்கனுக்கு ஏறக்குறைய 55 பாகை. அரைவாசிக்கு 185. இப்போது எக்ஸ்போவை மட்டும் 0.5 ஆக்குங்கள். கால்வாசிக்கு 36, அரைவாசிக்கு 115. ஓரத்தில் அதே 670. உச்ச வேகத்தைத் தொடாமலே ட்ரோனின் குணம் மாறிவிட்டது. நாங்கள் பறக்கிற நேரத்தில் பெரும்பகுதி விரல் நடுவைச் சுற்றித்தான் நிற்கும், ஓரத்துக்குப் போவது ஃபிளிப் (குட்டிக்கரணம்) அடிக்கிற சில கணங்கள்தான். ஆனாலும் இந்த மேசைக்கு வருகிற பொடியங்கள் முதலில் கேட்பது, "உச்சத்தை எவ்வளவு வைக்கலாம்?"

என்னுடையதில் 'ஆர்சி ரேட்', 'சூப்பர் ரேட்' என்று இருக்கிறது. அதே எண்களைப் போடலாமா?

போடாதீர்கள். அது பழைய பீட்டாஃப்ளைட் வகை. அங்கே ஆர்சி ரேட் 1.0, சூப்பர் ரேட் 0.7 என்றால் உச்சம் 667 பாகை. கணக்கு இதுதான்: 200ஐ ஆர்சி ரேட்டால் பெருக்கி, ஒன்றிலிருந்து சூப்பர் ரேட்டைக் கழித்து வருவதால் வகுக்கவேண்டும். உச்சம் அக்சுவலின் தொடக்க அமைப்போடு ஏறக்குறைய ஒன்றுதான், நடு வேறு. பத்தில் ஒரு பங்கு தள்ளினால் பழைய வகையில் 21.5 பாகை, அக்சுவலில் 13. கிஸ், ரேஸ்ஃப்ளைட், குவிக் என்று இன்னும் வகைகள் உண்டு, ஒவ்வொன்றிலும் எண்ணுக்குப் பொருள் வேறு.

இதை நான் மாமரத்தில் படித்தேன். யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவில் காட்டிய எண்களை, அவர் எந்த வகை என்று சொன்னதைக் கவனிக்காமல், என் பழைய வகைப் பெட்டிகளில் அடித்துவிட்டேன். ஆர்சி ரேட் 1.55, சூப்பர் ரேட் 0.73. கணக்குப் பார்த்திருந்தால் செக்கனுக்கு 1148 பாகை என்று தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. எழும்பிப் பத்துச் செக்கன் இருக்காது, ஒரு சின்னத் திருப்பத்துக்கு விரலை அசைத்தேன், வானமும் தரையும் இடம் மாறின, ட்ரோன் அடுத்த காணி மாமரத்தின் உச்சிக் கொப்பில். ஏறினால் முழுக்க முசுறுக் கூடு. ட்ரோனுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் கழுத்தெல்லாம் தடித்துப்போனது.

யாருடைய எண்ணையும் எடுக்கும்போது எண்ணைப் பார்க்காமல் வளைவைப் பாருங்கள். கணினியில் ட்ரோனை அமைக்கிற கொன்ஃபிகரேட்டர் செயலியில் ரேட் பக்கத்தில் கோடு வரைந்து காட்டும். அந்தக் கோடு ஒத்துவந்தால் வகை எதுவானாலும் கையில் தெரிவது ஒன்றுதான்.

எண்ணை மாற்ற முன் வேறு எதையாவது சரிபார்க்க வேண்டுமா?

கட்டாயம். இதைச் செய்யாமல் வந்து மேசையில் வைத்தவர்கள்தான் கூட.

புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு கொன்ஃபிகரேட்டரில் ரிசீவர் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு ஸ்டிக்கையும் ஓரம்வரை தள்ளுங்கள். கீழே 1000, மேலே 2000, விட்டால் 1500. கொஞ்சம் கூடப் போனால் பரவாயில்லை, குறையக் கூடாது. ஒரு தம்பி, "670 வைத்தும் மெதுவாகத்தான் சுழலுது" என்று கொண்டுவந்தார். அவருடைய ரிமோட்டில் ரோல் 1900உடன் நின்றது. அதாவது பிளைட் கொன்ட்ரோலருக்கு ஸ்டிக் எப்போதும் ஐந்தில் நாலு பங்குதான் போகிறது. அந்த இடத்தில் வளைவு தருவது 440 பாகைதான். ஐந்தில் ஒரு பங்கு ஸ்டிக் குறைந்ததற்கு மூன்றில் ஒரு பங்கு வேகம் போய்விட்டது. ரிமோட்டில் ஓடுகிற எட்ஜ்டிஎக்ஸ் மென்பொருளின் மெனுவில் ஸ்டிக்கை அளவு திருத்தி, அந்தச் சனலின் ஓரங்களையும் சரிசெய்தோம். ரேட்டில் ஒரு எண்ணும் மாறவில்லை.

ஸ்டிக்கைத் தொடாமல் விட்டிருக்கும்போது எண் 1498க்கும் 1502க்கும் இடையில் ஆடினால் இரண்டோ மூன்றோ டெட்பேண்ட் (நடுவைச் சுற்றி அசைவைக் கணக்கில் எடுக்காத இடம்) போதும். பத்து, பதினைந்து என்று ஆடினால் ஸ்டிக்கின் உள்ளே தேய்ந்துவிட்டது. பழைய உராய்வு வகை ஸ்டிக் எங்கள் கடற்கரை உப்புக் காற்றில் கெதியாகப் பழுதாகும். ஹோல் சென்சர் வகையில் உரசும் பாகம் இல்லாததால் அந்தத் தொல்லை குறைவு. புது ரிமோட் வாங்கினால் அதைத்தான் பாருங்கள்.

எக்ஸ்போவை ரிமோட்டில் போடலாமா?

வேண்டாம். ரிமோட் நேர்கோடாகவே அனுப்பட்டும். இரண்டு இடத்திலும் வளைத்தால் எந்த வளைவு எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாமல் போகும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

தொடக்க எண்களிலிருந்தே தொடங்குங்கள். வளைவின் ஒரு படத்தை போனில் எடுத்து வையுங்கள், பிறகு அதற்குத் திரும்பவேண்டி வரும்.

என் வழி இது. ஹோமாகம பக்கம், அறுவடை முடிந்த ஒரு வயல். காணிக்காரரிடம் கேட்டுத்தான் போவோம். வரம்பில் தனியாக ஒரு தென்னை நிற்கிறது. முதல் பட்டரியில் ஃபிளிப் இல்லை, ரோல் இல்லை. வயலின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தலை உயரத்தில் நேர்கோடு. அவ்வளவுதான். நேராகப் போகும்போது விரல் ஓயாமல் இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்கிறதா? வீடியோவில் தொடுவானம் படகுபோல ஆடுகிறதா? நடு உணர்திறன் கூடிவிட்டது, பத்துக் குறையுங்கள். மாறாக, ட்ரோன் சரிந்துபோவது தெரிந்தும் ஸ்டிக்கை இன்னும் இன்னும் தள்ளவேண்டி வந்து, பிறகு திடீரென்று பாய்ந்து திரும்புகிறதா? நடு செத்துக் கிடக்கிறது. உணர்திறனைக் கூட்டுங்கள், அல்லது எக்ஸ்போவைக் குறையுங்கள்.

இரண்டாவது பட்டரிக்குத் தென்னை. ஏழெட்டு அடி தள்ளி, ஒரே உயரத்தில், மரத்தைப் படத்தின் நடுவில் வைத்துக்கொண்டு சுற்றிவர வேண்டும். விரல் ஒரு இடத்தில் நின்று மெல்லச் சாய்ந்தால் நல்லது. தள்ளி விட்டு, தள்ளி விட்டு ஓட்டவேண்டி வந்தால் அரைவாசிப் பகுதியின் வளைவு செங்குத்தாக இருக்கிறது, எக்ஸ்போவைக் கொஞ்சம் கூட்டுங்கள். மூன்றாவது பட்டரியில்தான் ரோலும் ஃபிளிப்பும். ஓரம்வரை தள்ளி ஒரு சுற்று. உங்களுக்கு வேண்டிய நேரத்தில் முடிகிறதா என்று பார்த்து உச்சத்தை மாற்றுங்கள். அந்த மாற்றத்தில் நடு கெட்டதா என்று அடுத்த பட்டரியில் மறுபடி நேர்கோடு.

ஒரு பட்டரிக்கு ஒரு எண். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

ஃப்ரீஸ்டைலுக்கு எவ்வளவு?

ஃப்ரீஸ்டைல் என்றால் வித்தை காட்டி ஓட்டுவது. ஐந்து அங்குல ட்ரோனுக்கு (அங்குலம் என்பது புரொப்பெல்லரின் அளவு) ரோலிலும் பிட்ச்சிலும் நடு 80 முதல் 110 வரை, உச்சம் 700 முதல் 850 வரை, எக்ஸ்போ 0.3 முதல் 0.5 வரை என்ற வட்டத்துக்குள் தேடுங்கள். 100, 800, 0.5 என்று வைத்தால் அரை ஸ்டிக்கில் செக்கனுக்கு 143 பாகை, ஓரத்தில் 800. மரத்தின் இடைவெளிக்குள் நுழையும்போது மெத்தென்று இருக்கும், விரலை எறிந்தால் அரைச் செக்கனுக்குள் ஒரு சுற்று.

1200, 1500 என்று வைத்திருப்பவர்களைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் விரல் அதற்குப் பழகியது. சுழற்சி வேகத்தைப் பார்க்கும் ஜைரோ சென்சர் அளக்கக்கூடியதே செக்கனுக்கு 2000 பாகைதான், பாரமான ஏழு அங்குல ட்ரோனின் மோட்டர் அந்தப் பக்கம் எட்டியும் பார்க்காது.

ரேசிங்?

ரேசில் ஃபிளிப்பைவிட, ஒரு வாசலுக்குள் (கேட்) நுழைந்து அடுத்த வாசலுக்குத் திரும்புவதுதான் முக்கியம். விரல் கேட்டது உடனே, கேட்ட அளவுக்கு வரவேண்டும். ஆகவே வளைவு நேர்கோட்டுப் பக்கம் சாயும்: நடு 150 முதல் 200, உச்சம் 550 முதல் 650, எக்ஸ்போ பூச்சியம். 180, 600, 0 என்றால் அரை ஸ்டிக்கில் 195 பாகை. உச்சம் ஃப்ரீஸ்டைலைவிடக் குறைவு, அரைவாசியில் அதைவிடக் கூட. உச்சம் பெரிதானால்தான் வேகம் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கலியாண வீடியோ, ஹோட்டல் வீடியோ எடுக்கிறோம். படம் வெட்டித் திரும்புது, என்ன செய்ய?

இதில் நான் நன்றாக அடிபட்டிருக்கிறேன். பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு மண்டபம். ஆட்கள் வர முன், காலையில், மூன்று அங்குல சினிவூப்பால் (புரொப்பெல்லரைச் சுற்றி வளையம் போட்ட, வீடியோ எடுக்கிற சின்ன ட்ரோன்) ஒரே ஓட்டத்தில் ஒரு காட்சி கேட்டார்கள்: வாசல் வாழைகளுக்கு நடுவால் நுழைந்து, கோலத்துக்கு மேலால் தாழ்ந்து, கதிரை வரிசைகளுக்கு நடுவால் போய், மணவறையை ஒரு அரைவட்டம் சுற்றி நிற்கவேண்டும். நான் ஃப்ரீஸ்டைல் எண்களையே அதிலும் வைத்திருந்தேன். கண்ணாடிக்குள் பார்க்க வடிவாகத்தான் இருந்தது. இறங்கி போனில் போட்டுக் காட்டினால் பெண்ணின் மாமா கேட்டார், "தம்பி, ஏன் படம் நெளியுது?"

நெளிந்தது யோ. மணவறையைச் சுற்றும்போது பெருவிரல் சின்னதாகத் தள்ளி, விட்டு, தள்ளி, விட்டு ஓட்டியிருக்கிறேன். சுற்று முழுக்க ஐந்தாறு வெட்டு. அந்த இடத்திலேயே மடிக்கணினியைத் திறந்து யோவை நடு 50, உச்சம் 220, எக்ஸ்போ 0.2 ஆக்கினேன். ரோல், பிட்ச் இரண்டும் நடு 60, உச்சம் 360, எக்ஸ்போ 0.3. இந்த எண்ணில் அரை ஸ்டிக்கில் ரோல் 84 பாகைதான். இப்போது பெருவிரலை நன்றாகத் தள்ளி அப்படியே வைத்திருக்க இடம் கிடைத்தது. அசைவு பெரிதாக இருந்தால் கையின் நடுக்கம் அதில் கரைந்துபோகும். மூன்றாவது ஓட்டத்தில் மாமா ஒன்றும் சொல்லவில்லை, தேத்தண்ணி அனுப்பினார்.

யோவுக்கு ஏன் தனி எண்? ரோலுக்கு வைத்ததையே வைத்தால் என்ன?

கேமராவின் சாய்வால் வரும் பிரச்சினை இது. கேமரா மேல்நோக்கிச் சாய்ந்திருக்கும்போது வெறும் ரோல் கொடுத்தால், படம் தன் நடுவைச் சுற்றி உருளாமல் மூக்கைப் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். படத்தின் நடுப்புள்ளி அசையாமல் உருளவேண்டுமானால் ரோலோடு யோவும் சேரவேண்டும். 30 பாகைச் சாய்வில் ரோல் 100 என்றால் யோ 58 வேண்டும். 45 பாகையில் இரண்டும் சரிசமம். மெதுவாகப் போகிறவர் கேமராவைத் தாழ்த்தி வைப்பதால் ரோல் கூட, யோ குறைய. வேகமாகப் போகிறவர் கேமராவை உயர்த்தி வைப்பதால் யோவின் பங்கு ஏறும்.

ஆகவே கேமராச் சாய்வை மாற்றிய அன்று "ட்ரோன் பழையபடி இல்லை" என்று தோன்றினால் ரேட்டைக் குறை சொல்லாதீர்கள். அதோடு, இரண்டு ஸ்டிக்கையும் ஒரே அளவில் தள்ளும்போது கணக்குக் குழம்பாமல் இருக்க, ரோலினதும் யோவினதும் வளைவு நடுப்பகுதியிலாவது ஒன்றை ஒன்று ஒட்டிப் போவது நல்லது. ஓரம் எப்படிப் பிரிந்தாலும் பரவாயில்லை.

மழை நாளில் வீட்டுக்குள் சின்ன வூப் ஓட்டுகிறோம். அதற்கு?

முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். 65 மில்லிமீற்றர் வூப்புக்கு அறையின் சுவர் இரண்டு செக்கன் தூரத்தில்தான் இருக்கிறது, எனவே நடுவைத் தாழ்த்தி, உச்சத்தை 500க்குள் வைத்தால் கையடக்கம். ஆங்கிள் மோடில் (ஸ்டிக்கை விட்டால் ட்ரோன் தானே மட்டமாகும்) ஓட்டுகிறவர்களுக்கு ரோலினதும் பிட்ச்சினதும் உச்ச வேகத்தால் பெரிய பயன் இல்லை. அங்கே ஸ்டிக் கேட்பது சாய்வை, வேகத்தை அல்ல. ஆங்கிள் எல்லை என்ற பெட்டியைத்தான் மாற்றவேண்டும். யோ மட்டும் அங்கேயும் ரேட்டின்படியே நடக்கும்.

த்ரொட்டிலில் ஒரு மில்லிமீற்றர் அசைத்தால் கூரைக்குப் போகுது!

த்ரொட்டில் என்பது மோட்டர்களின் பலத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்டிக். பலமான ஐந்து அங்குல ட்ரோன் கால்வாசி த்ரொட்டிலிலேயே மிதந்து நிற்கும். மிச்ச முக்கால்வாசி வெறும் வேகம். நீங்கள் வேலை செய்வது அந்தக் கால்வாசிப் பக்கத்துக் குறுகிய இடத்தில்.

த்ரொட்டில் நடு, த்ரொட்டில் எக்ஸ்போ என்று இரண்டு பெட்டிகள் உண்டு. ட்ரோனை மிதக்கவிட்டு, அந்த நேரத்து த்ரொட்டில் எத்தனை சதவீதம் என்று திரையில் பாருங்கள். 28 என்றால் நடுவை 0.28 என்று வைத்து எக்ஸ்போவை 0.2, 0.3 என்று ஏற்றுங்கள். வளைவு அந்த இடத்தைச் சுற்றித் தட்டையாகும், உயரத்தைப் பிடித்துவைப்பது சுகமாகும். அதற்கு மேலும் பொடிப்பிள்ளைக்குப் பழக்கக் கொடுப்பதென்றால் த்ரொட்டில் எல்லையை 'ஸ்கேல்' வகையில் 70 சதவீதம் ஆக்குங்கள். முழு ஸ்டிக்கும் பாவனையில் இருக்கும், பலம் மட்டும் குறையும். 'கிளிப்' வகை மேலேயுள்ள பகுதியை வெட்டிவிடும், அது கைக்கு நல்லாயிராது.

ஃபீட்ஃபோர்வேர்ட், ஸ்மூதிங் என்றும் இருக்கிறதே?

ஸ்டிக் எங்கே நிற்கிறது என்பதோடு எவ்வளவு கெதியாக அசைகிறது என்பதையும் பார்த்து முன்கூட்டியே மோட்டரைத் தள்ளுவது ஃபீட்ஃபோர்வேர்ட். கூட வைத்தால் விரலோடு ஒட்டிய உணர்வு வரும், விரல் நடுங்கினால் அதுவும் சேர்ந்து வரும். ரேசுக்குக் கூட, படம் எடுக்கக் குறைய. ஸ்மூதிங் மறுபக்கம். ரிசீவரிலிருந்து வருவது படிப்படியான எண்கள்: எக்ஸ்பிரஸ்எல்ஆர்எஸ் என்ற ரேடியோ இணைப்பில் 50, 150, 250, 500 என்று செக்கனுக்கு இத்தனை தடவை. அந்தப் படிகளை உரசி வழவழப்பாக்குவது ஸ்மூதிங்கின் வேலை. கூட்டினால் வீடியோ எண்ணெய்போல ஓடும், விரலுக்குச் சற்றுப் பிந்தும்.

கையால் தேடி அலையத் தேவையில்லை. கொன்ஃபிகரேட்டரின் பிரிசெட் பக்கத்தில் உங்கள் ரேடியோ இணைப்பின் வேகத்தைத் தேர்ந்து, ரேஸ், ஃப்ரீஸ்டைல், சினிமாட்டிக் என்பதில் ஒன்றைக் குறித்தால் இந்த எண்களைத் தானே போட்டுத்தரும். ரேட்டை அதன் பிறகு பாருங்கள். ஸ்மூதிங் மாறினால் நடுவின் உணர்வும் மாறும்.

ஃபிளிப் முடியும்போது ட்ரோன் ஒருதரம் திரும்பி உதைக்குது.

பிஐடியாகவும் இருக்கலாம். ஆனால் முதலில் விரலைப் பாருங்கள். ஸ்டிக்கை ஓரத்தில் வைத்துவிட்டு டக்கென்று கைவிட்டால் ஸ்பிரிங் அதை நடுவைத் தாண்டி மறுபக்கம் எறியும். ட்ரோன் கேட்டதைத்தான் செய்கிறது. விரலோடு கொண்டுவந்து நடுவில் வைத்துப் பாருங்கள். உதை நின்றால் கொன்ட்ரோலருக்குச் சுகயீனம் இல்லை.

பெருவிரலால் பிடிப்பதா, கிள்ளிப் பிடிப்பதா? ரேட் மாறுமா?

மாறும். ஆட்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடிப்பவருக்கு நடுவில் நுணுக்கம் கூட, எக்ஸ்போ குறைவாகவே போதும். பெருவிரல் மட்டும் வைப்பவருக்குக் கொஞ்சம் கூட வேண்டிவரும். ஸ்டிக்கின் உயரத்தைக் கூட்டினாலும் அதே பயன், ஸ்டிக் அதே அளவு சாய விரல் கூடத் தூரம் பயணம் செய்யும். நான் பெருவிரல்காரன்.

காற்று நாளில் ரேட்டைக் குறைக்கவேண்டுமா?

தேவையில்லை. காற்றை எதிர்ப்பது பிஐடியின் பாடு. மே முதல் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து அடிக்கும்போது, வளையம் போட்ட சினிவூப் பட்டம்போல இழுபடும், எந்த ரேட்டும் அதைக் காப்பாற்றாது. அன்றைக்கு வேறு ட்ரோனை எடுங்கள், இல்லாவிட்டால் வீட்டில் இருங்கள்.

சிமுலேட்டரில் பழகினால் இந்த எண்கள் உதவுமா?

உதவும். வெலொசிட்ரோன், லிஃப்ட்ஓஃப் இரண்டிலும் உங்கள் ரேட் எண்களையே அடிக்கலாம். ரேட் வகை ஒன்றுதானா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராச் சாய்வையும் ஒன்றாக வையுங்கள்.

ஒரே ட்ரோனில் இரண்டு விதமான எண் வைத்திருக்கலாமா?

வைக்கலாம். ரேட் புரொஃபைல் என்று தனித்தனியாகச் சேமித்து, அட்ஜஸ்ட்மென்ட் பக்கத்தில் ரிமோட்டின் ஒரு சுவிட்சோடு இணைத்தால் பறக்கும்போதே மாற்றலாம். எனக்கு ஒன்று ஃப்ரீஸ்டைல், மற்றது வீடியோ. முதல்முறை மாற்றும்போது உயரத்தில், நேராகப் போகையில் மாற்றுங்கள். ஒருவர் மரத்துக்குள் திரும்பும் நேரம் முழங்கை பட்டு சுவிட்ச் மாறி, திருப்பம் பாதியில் நின்று, மரத்தோடு மரமாகப் போனதைப் பார்த்திருக்கிறேன்.

டிஜேஐ ட்ரோனுக்கும் இது பொருந்துமா?

ஓரளவு. அதன் செயலியில் சினி, நோர்மல், ஸ்போர்ட் ஒவ்வொன்றுக்கும் யோவின் உச்ச வேகத்தையும் எக்ஸ்போ வளைவையும் மாற்றலாம். சினியில் யோவைக் குறைத்து, வளைவின் நடுவைத் தட்டையாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

கொழும்பில் இதையெல்லாம் எங்கே ஓட்டிப் பார்ப்பது?

ஆசைக்குக் காலி முகத்திடல் நல்ல வெளிதான். ஆனால் அங்கே பட்டத்தோடு நில்லுங்கள். கோட்டைப் பக்கம் ஜனாதிபதி மாளிகையும் துறைமுகமும், பத்தரமுல்லைப் பக்கம் பாராளுமன்றமும், தெற்கே இரத்மலானை விமான நிலையமும் இருக்கிற நகரம் இது. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பிறகு நாடு முழுக்க ட்ரோன் பறப்பதையே நிறுத்தி வைத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் பதிவையும் அனுமதியையும் முதலில் கேட்டு முடியுங்கள். பிறகு நகரத்துக்கு வெளியே, காணிக்காரரின் சம்மதத்தோடு, பக்கத்தில் வானத்தைப் பார்த்துச் சொல்ல ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஓட்டுங்கள். கண்ணாடி போட்டவருக்குப் பின்னால் வருகிற மாடு தெரியாது.

அண்ணா, கடைசியாக உங்களுடைய எண்ணைச் சொல்லுங்கோவன்.

சொல்கிறேன், மாமரத்தை நினைத்துக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். அக்சுவல் வகை, ஐந்து அங்குலம், கேமரா 30 பாகை. ரோலும் பிட்ச்சும் நடு 90, உச்சம் 720, எக்ஸ்போ 0.4. யோ நடு 90, உச்சம் 500, எக்ஸ்போ 0.3. ரோலும் பிட்ச்சும் மாறிக் கனகாலம். யோவின் எக்ஸ்போவை மட்டும் போன கிழமையும் மாற்றினேன், இந்த ஞாயிறு மழை விட்டால் தென்னையைச் சுற்றி இன்னொருதரம் பார்க்கவேண்டும்.